கப்பல் அறைக்கு ஸ்பைக் கார்டு வேண்டாம்

உல்லாசக் கப்பல் பயணத்துக்கு ஆயத்தமாகும் வாடிக்கையாளர்களை எங்கள் துவாரகா கிளையில் இப்போது அடிக்கடி காண முடிகிறது. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் சிலர் விமானத்தில் சிங்கப்பூர் சென்று அங்கிருந்து கப்பலேறுகின்றனர். சிலர் மும்பையைத் தேர்ந்தெடுக்கின்றனர். சொந்த ஊர் செல்லும் பயணத்தோடு சேர்த்துச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படுவோரும் உண்டு. கார்டெலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலைச் சென்னையில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 ஜூன் மாதம் தொடங்கி வைத்த பிறகு, கப்பல் பயணம் தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டாத ஒன்றாக இல்லை. வங்கிக்கு வருவோர் அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறப்பது பற்றியும், பயணக் காப்பீடு பற்றியும் கேட்கிறார்கள். பெட்டியில் வைக்கப்போகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி எவரும் கேட்பதில்லை. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

தில்லிக் கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் பழகிய நமக்கு ஸ்பைக் கார்டு ஏறத்தாழ ஒரு காவல் தெய்வம். தொலைக்காட்சிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என வீடெங்கும் வைத்திருக்கிறோம். பயணத்திலும் அதை உடன் எடுத்துச் செல்வது முன்யோசனை என்றே நினைக்கிறோம். ஆனால் வீட்டில் காக்கும் அதே கருவி கப்பலில் தீக்குக் காரணமாகக்கூடும். 2013-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கடலோரக் காவல் படை, கப்பல்களில் ஸ்பைக் கார்டு வகைக் கருவிகளைப் பயன்படுத்துவது குறித்து ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையை வெளியிட்டது. இன்று பெரும்பாலான கப்பல் நிறுவனங்களின் தடைப் பட்டியலில் அது இடம் பெற்றிருக்கிறது. நாட்டுக்கு நாடு மின்னழுத்தம் மாறுவதால் வந்த தடை என்று பலர் எண்ணுகின்றனர். காரணம் அதுவன்று.

நம் வீட்டுக்கு வரும் இரு கம்பிகளில் ஒன்று ஃபேஸ், மற்றொன்று நியூட்ரல். நியூட்ரல் கம்பி மின்மாற்றியிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 230 வோல்ட் முழுவதும் ஃபேஸ் கம்பியில்தான் இருக்கும். பூமியோடு ஒப்பிட்டால் நியூட்ரலில் ஏறத்தாழ ஒன்றும் இராது. நாம் வாங்கும் பெரும்பாலான கருவிகள் இந்த ஏற்பாட்டை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை.

கப்பல் தன் மின்சாரத்தைத் தன் ஜெனரேட்டர்களிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. அங்கே பூமி இல்லை. அதன் இடத்தில் இருப்பது கப்பலின் இரும்பு உடல். பல கப்பல்களில் மின்கம்பிகள் இரண்டில் எதையும் அந்த உடலோடு வேண்டுமென்றே இணைப்பதில்லை. இதற்குத் தக்க காரணம் உண்டு. எங்கோ ஓரிடத்தில் காப்புறை தேய்ந்து ஒரு கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால், நம் வீட்டில் உடனே ட்ரிப் ஆவதைப் போல அங்கும் மின்சாரம் நின்றுவிடக் கூடாது. நடுக்கடலில் சுக்கானும் பம்புகளும் நின்றுபோனால் என்ன ஆகும்? எனவே முதல் பழுது நேர்ந்தாலும் மின்சாரம் தொடர்ந்து ஓடும். பழுதை எச்சரிக்கைக் கருவி காட்டிக்கொடுக்கும். பொறியாளர்கள் அதைத் தேடிச் சரிசெய்வார்கள். ஆனால் அது சரிசெய்யப்படும் வரை, இரும்பைத் தொடாத மற்றக் கம்பியில் கப்பலின் உடலோடு ஒப்பிட்ட மின்னழுத்தம் இயல்பைவிட உயர்ந்தே இருக்கும்.

இந்த நேரத்தில்தான் நம் ஸ்பைக் கார்டு தவறாக நடந்துகொள்கிறது. அதனுள் வாரிஸ்டர் என்னும் சிறு வில்லைகள் உள்ளன. மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் அவை வழிதிறந்து, மிகை மின்சாரத்தை எர்த் கம்பிக்குத் திருப்பிவிடும். இடி மின்னலின்போது நொடியின் மிகச் சிறு பகுதியில் இந்த வேலை முடிந்துவிடும். கப்பலில் எங்கோ நேர்ந்த பழுதோ மணிக்கணக்கில் நீடிக்கலாம். அத்தனை நேரமும் வில்லை வழியாக மின்சாரம் கசிந்தால் அது சூடேறும். சூடேறச் சூடேற இன்னும் அதிகமாகக் கசியும். முடிவில் பிளாஸ்டிக் உறை பற்றிக்கொள்ளலாம். உங்கள் அறையில் ஒரு பழுதும் இருக்க வேண்டியதில்லை. பத்துத் தளங்களுக்குக் கீழே நேர்ந்த பழுது போதும்.

சுவிட்ச்சும் இங்கே நம்பத் தக்கதன்று. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். வீட்டில் அது போதும். இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் உள்ள கப்பலில், விளக்கு அணைந்த பிறகும் மற்றக் கம்பி உயிரோடுதான் இருக்கும்.

எல்லாக் கப்பல்களின் மின்னமைப்பும் ஒன்றல்ல என்பது மெய்தான். ஆனால் ஆயிரக்கணக்கான பயணியர் கொண்டுவரும் கருவி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து அனுமதிப்பது நடவாத காரியம். ஆகவே மொத்தமாகத் தடை விதிக்கிறார்கள். அது நியாயமானது என்பதே என் கருத்து.

கடலில் தீயணைப்பு வண்டி வராது. மாலுமிகளே தீயணைப்பு வீரர்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடற்பயணத்தின்போது அதில் மூண்ட தீயில் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகு அந்தக் கப்பல் உடைக்கப்பட்டது. அந்தத் தீக்கும் மின்பலகைக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. மூடிய இடத்தில் புகை எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்காகவே அதை நினைவுகூர்கிறேன்.

அப்படியானால் நான்கு பேர் கொண்ட குடும்பம் கைபேசிகளை எப்படிச் சார்ஜ் செய்வது? கேள்வி நியாயமானதே. பழைய கப்பல்களின் அறைகளில் மேசையருகே ஒன்றிரண்டு சாக்கெட்டுகளே இருக்கக் காணலாம். ‘எம்ப்ரஸ்’ கப்பலே முதன்முதலில் கடலில் ஓடத் தொடங்கியது 1990-இல். பயணியர் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று கருவிகளோடு வருவார்கள் என்று அந்தக் காலத்தில் யார் எண்ணினார்கள்? இதற்குத் தக்க வழி, வயரோ மின்னெழுச்சிக் காப்போ இல்லாமல், நேரே சாக்கெட்டில் செருகும் பல துளை யூ.எஸ்.பி. சார்ஜர். நான்கு துளைகள் உள்ள ஒன்றே குடும்பத்துக்குப் போதும். வாங்கும்போது உறையில் ‘சர்ஜ் புரொடெக்‌ஷன்’ என்று பெருமையாக அச்சிட்டிருந்தால், இந்தப் பயணத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கப்பல்களில் பொதுவாக அமெரிக்கத் தட்டை முனைச் சாக்கெட்டும், ஐரோப்பிய இரட்டை உருண்டை முனைச் சாக்கெட்டும் இருக்கும். முன்னதில் 110 வோல்ட் அளவிலும் பின்னதில் 220 வோல்ட் அளவிலும் மின்சாரம் வரும். நம் கைபேசிச் சார்ஜர்களின் இரு முனைகள் பெரும்பாலும் ஐரோப்பியச் சாக்கெட்டில் பொருந்திவிடும். மடிக்கணினியின் மூன்று முனைப் பிளக் பொருந்தாது. அதற்கு ஒரு சிறு அடாப்டர் தேவை. சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நம்மவர்களின் பெட்டியில் வேறு சிலவும் இருக்கும்: காபிக்கு மின்கெட்டில், வெந்நீருக்கு ராடு, ரசஞ்சாதத்துக்குச் சிறு குக்கர், இஸ்திரிப் பெட்டி. சூடேறும் கருவிகள் அனைத்தும் பொதுவாகத் தடை செய்யப்பட்டவை. பூசைக்கான ஊதுவத்தியும் கற்பூரமும் அப்படியே. ஏறும் இடத்தில் பெட்டியை ஊடுகதிர்க் கருவியில் பார்ப்பார்கள். எடுத்து வைத்துக்கொண்டால் வழக்கமாகப் பயணம் முடியும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

பவர் பேங்கைப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். ஆனால் தில்லியிலிருந்து விமானத்தில் செல்வோர் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்பது 74 வாட் மணி. 100 வாட் மணிக்குள் இருப்பதால் சிக்கலில்லை. அதைக் கட்டிலின் மேல் சார்ஜில் போட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு செல்லாதீர்கள்.

உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோர் பயன்படுத்தும் சீபாப் கருவிக்குத் தடை இல்லை. ஆனால் கட்டில் ஓரிடத்திலும் சாக்கெட் வேறிடத்திலும் இருக்கலாம். பயணச்சீட்டு வாங்கியவுடனேயே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தால், கப்பலுக்கு உகந்த நீட்டிப்பு வயரை அவர்களே அறையில் வைப்பது வழக்கம். ஏறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முதல் இரவே கருவியின்றி உறங்க நேரிடும்.

பல கப்பல்களில் அறைச் சாவி அட்டையைச் சுவரிலுள்ள துளையில் செருகினால்தான் விளக்கு எரியும். வெளியே போகும்போதும் குளிரூட்டி ஓட வேண்டுமென்று சிலர் வங்கி அட்டையை அதில் செருகிவிட்டுச் செல்கிறார்கள். வங்கி ஊழியன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வேலைக்கு நம் டெபிட் அட்டை வேண்டாம்.

தடைப் பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவ்வப்போது திருத்தவும் படும். பயண ஒப்பந்தத்திலேயே அது ஒரு பகுதியாக இருக்கும். பயணியால் நேரும் சேதத்துக்குப் பயணியே பொறுப்பு என்ற விதியும் பொதுவாக அதில் உண்டு. அத்தொகை அறைக் கணக்கில் எழுதப்பட்டு, அக்கணக்கோடு இணைத்த உங்கள் அட்டைக்கு வரும். காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குகளையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெட்டி கட்டுவதற்கு முன்னரே ஒருமுறை படித்துவிடுங்கள்.