கண்ணாடியில் தெரிவது ‘நான்’தான்... அது எப்படித் தெரிகிறது?

காலையில் கண்ணாடி முன் நின்றதும் ‘இது நான்தான்’ என்று புரிந்துவிடுகிறது. கண் இருந்தால் போதும், இதுல என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா?

1970-ல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப், கண்ணாடியோடு சில நாள் பழகிய சிம்பன்சிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, புருவத்தின் மேல் சிவப்புச் சாயம் பூசினார். விழித்தெழுந்து கண்ணாடியைப் பார்த்தவை, தங்கள் புருவத்தையே தொட்டுப் பார்த்தன. ‘அது நான்’ என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுதான் திருப்பம். தனிமையில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளால் இதைச் செய்ய முடியவில்லை. கண்ணும் கையும் இருந்தன. கூடப் பழக இன்னொரு சிம்பன்சிதான் இல்லை.

சோதித்தவை சிலதான், அந்த முடிவை அப்படியே மனிதர்மேல் ஏற்ற முடியாது. ஆனால் நம் குழந்தைகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் கண்ணாடியில் தங்களைக் கண்டுகொள்கிறார்கள். அதற்குள் எத்தனை பேர் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்!

‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்ற பேச்சு நமக்கு எரிச்சல்தான். ஆனால் எரிச்சல்படும் அந்த ‘நான்’ உருவாக, உடம்போடு அந்த நாலு பேரும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.