மாறாமலை மொட்டும் மூன்று துளி தைலமும்: குமரியின் வாசனைக் கூடத்துக்குள் ஓர் எட்டிப்பார்வை!

பல் டாக்டரிடம் போயிருக்கிறீர்களா? கதவைத் திறந்ததுமே காரமும் இனிப்புமாக ஒரு வாசம் வந்து மூக்கில் ஏறுமே, அது கிராம்பு! பல்லைத் தற்காலிகமாக அடைக்கும் பசையில் துத்தநாக ஆக்சைடோடு சேர்த்துக் குழைப்பது கிராம்புத் தைலத்தின் சாரமான யூஜினாலைத்தான். அந்தக் கிராம்பு இந்தியாவில் அதிகம் விளைவது எங்கே? சாட்சாத் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில்!

இப்போது ஊரெல்லாம் நறுமண சிகிச்சை மோகம். டிஃப்யூசர், லாவெண்டர் குப்பி, யூடியூப் வீடியோ என்று ஒரே அமர்க்களம். அந்தக் குப்பிக்குள் வாசனை எப்படி வந்து சேர்கிறது? வாங்க, பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்!

விழித்திருக்கும் தோவாளை

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி போகும் சாலையில், ஊர் உறங்கும் வேளையிலேயே தோவாளைப் பூச்சந்தை விழித்துவிடும். பிச்சி, மல்லி, சம்பங்கி, அரளி, கோழிக்கொண்டை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓணம் நெருங்கிவிட்டால் கேரள வியாபாரிகளின் கூட்டத்தில் உள்ளே கால்வைக்க இடம் கிடைக்காது. புவிசார் குறியீடு பெற்ற மாணிக்க மாலை கட்டுகிற கைகளும் இந்த ஊர்க் கைகள்தான்!

இங்கே ஓர் அதிசயம் நடக்கிறது. செடியிலிருந்து பறித்த பிறகும் மல்லிகை மொட்டு வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்திக்கு மேல் அது விரிவது அந்துப்பூச்சிகளை அழைக்க. நம் கொண்டையில் ஏறினாலும் அதன் வேலை நிற்பதில்லை!

ஆனால் இந்த வாசனையை ஆவியில் வேகவைத்து எடுக்க முடியாது. சூடு பட்டால் கெட்டுப்போகும். அதனால் ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, முதலில் மெழுகு போன்ற ஒரு பொருளை எடுக்கிறார்கள். அதை ஆல்கஹாலில் அலசிப் பிரித்தால்தான் அசல் மல்லிகைச் சாரம். ஒரு கிலோ மெழுகுக்கே நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். சந்தையில் ஐம்பது ரூபாய்க்கு ‘சுத்தமான மல்லிகை எண்ணெய்’ கிடைத்தால் அது என்னவாக இருக்கும் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

மாறாமலையில் மொட்டெடுப்பு

இப்போது மலையேறுவோம். மாறாமலை, கரும்பாறை, வேளிமலை! மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடிச் சரிவுகள் இவை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது, கடல்காற்றும் எட்டிப்பார்க்கிறது. கிராம்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த மரத்தின் பூர்வீகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் குற்றாலத்துத் தோட்டத்தில் கொண்டுவந்து நட்டது. அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டதும், 1850க்குப் பிறகு நாகர்கோவில் பக்கத்து மலைகளுக்கும் பரவியது. வந்தேறி மரம் இந்த மண்ணுக்கே சொந்தமாகி, 2021இல் ‘கன்னியாகுமரி கிராம்பு’ என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது!

நாம் பிரியாணிக்குப் போடுவது விரியாத பூ மொட்டு. பச்சையாக இருப்பது இளஞ்சிவப்பாக மாறும் அந்தச் சில நாட்களில் பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் மதிப்புப் போச்சு. உயரமான மரத்தில் ஏணி சாய்த்து, கிளை ஒடியாமல், கொத்துக் கொத்தாகக் கையாலேயே பறிக்கிறார்கள். பிறகு காம்பு நீக்கி, நாலைந்து நாள் வெயிலில் காயவைப்பார்கள். களம் முழுக்க சிவப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகும் அழகைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்! மூன்று கிலோ பச்சை மொட்டு காய்ந்தால் ஒரு கிலோ கிராம்பு. அந்த ஒரு கிலோவுக்குள் 11,000 முதல் 15,000 மொட்டுகள்!

அடியில் இறங்கும் எண்ணெய்

தைலம் எடுக்கும் இடத்தில் வேலை எளிமையானது, பொறுமை மட்டும் மலையளவு வேண்டும். கிராம்பைக் கலனில் நிரப்பி, நீராவியை மணிக்கணக்கில் செலுத்துகிறார்கள். ஆவி வாசனையைச் சுமந்துகொண்டு குளிர்ந்த குழாய்க்குள் போய், தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டுகிறது. எண்ணெய் மேலே மிதக்கும் என்றுதானே நினைப்போம்? கிராம்புத் தைலம் தண்ணீரைவிடக் கனமானது. பாத்திரத்தின் அடியில் போய்த் தங்குகிறது!

ஒரு கிலோவில் 150 முதல் 200 கிராம் தைலம் கிடைக்கும். கணக்குப் போட்டால், பத்து மில்லி குப்பி ஒன்றுக்குள் ஏறக்குறைய 600 முதல் 1,000 மொட்டுகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கை பறித்தது!

குமரியின் வர்ம ஆசான்கள் காய்ச்சும் தைலம் வேறு வகை. அங்கே உருளியில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றி, மூலிகைச் சாறும் அரைப்பும் சேர்த்துச் சிறுதீயில் காய்ச்சுவார்கள். கசடை விரலில் உருட்டி மெழுகு பதமா, மணல் பதமா என்று பார்ப்பார்கள். எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தி, படபடவென்று வெடிக்காமல் எரிகிறதா என்று கவனிப்பார்கள். வெடித்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வுக்கூடம் தோற்றுப்போகும் நேர்த்தி!

மூக்குக்குள் என்ன நடக்கிறது?

இதுதான் உச்சக்கட்டம்! பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற சாவடியைக் கடந்துதான் மேலே போக வேண்டும். வாசனைக்கு அந்தச் சாவடி கிடையாது. உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேர்வழி! பிச்சிப்பூ மணத்ததும் ஆச்சியின் முகம் கண்முன் வருவது அதனால்தான். வாசனையை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

‘அரோமாதெரபி’ என்ற பெயரைப் பரப்பியவர் பிரெஞ்சு வேதியியலாளர் கத்தஃபோசே. 1937இல் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். லாவெண்டர் போன்ற வாசனைகள் பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கின்றன என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. யூஜினால் வலியைச் சற்றுநேரம் மரத்துப்போகச் செய்கிறது. மனச்சோர்வையோ சொத்தைப் பல்லையோ எந்த வாசனையும் குணப்படுத்தாது, அதற்கு டாக்டர்தான். ஆனால் களைத்து வந்த மாலையில் வாசனை மனதுக்கு ஒரு திண்ணை போட்டுக் கொடுக்கும்!

வீட்டுக்கு எடுத்துப்போக

உடம்பில் தேய்க்க 30 மில்லி தேங்காயெண்ணெயில் மூன்றே துளி கிராம்புத் தைலம் போதும். அதற்கு மேல் போனால் தோல் எரியலாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பாருங்கள். எலுமிச்சைப் புல்லிலிருந்து எடுக்கும் புல்தைலம் வாங்கினால் தரை துடைக்கும் தண்ணீரில் சில துளி விடுங்கள்; வீடே எலுமிச்சை மணக்கும்! டிஃப்யூசரை அரைமணி ஓடவிட்டு நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்த வாசனைத் தைலத்தையும் குடிக்கவே கூடாது. கிராம்புத் தைலத்தை விழுங்கிய குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. சூடமும் யூகலிப்டஸும் சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குப்பி குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அடுத்தமுறை குமரிக்கு வரும்போது சூரிய உதயத்தோடு திரும்பிவிடாதீர்கள் மக்களே! தோவாளையில் ஒரு முழம் பிச்சி வாங்குங்கள். நாகர்கோவிலில் நூறு கிராம் மலைக்கிராம்பு வாங்குங்கள். ஒரு மொட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் கசிந்தால் அது நல்ல சரக்கு. விலை கொஞ்சம் கூடுதல்தான். மரமேறிப் பறித்தவருக்கு அது நியாயமான விலை. பேரம் பேசாமல் கொடுங்கள்!