புரை ஆபரேஷன்: மேஜையில் பத்து நிமிடம், வீட்டில் ஆறு வாரம்

போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போகிறவர்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஏராளம். ஏலச்செடியின் தூரில் குனிந்து, விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்கிற வேலை. கண் மங்கினால் பிஞ்சும் சேர்ந்து வரும், கங்காணியிடம் பேச்சும் வாங்க வேண்டியிருக்கும். அப்படியும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். வலிக்குமோ என்ற பயம் பாதி, எத்தனை நாள் கூலி போகுமோ என்ற கணக்கு மீதி. பயத்துக்குக் காரணம் குறைவு. கணக்குத்தான் சரியாகப் போடப்பட வேண்டியது.

இந்த வயதில் வரும் மங்கலுக்குப் பெரும்பாலும் கண்புரையே காரணம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகப் பழுப்பேறி, பிறகு வெளுத்து, ஒளியை மறிக்கிறது. சொட்டு மருந்தோ மாத்திரையோ மூலிகைச் சாறோ அதைக் கரைக்காது. எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைப்பது ஒன்றே வழி. “நல்லா முத்தட்டும், பிறகு பாத்துக்கலாம்” என்பது லென்ஸ் வைக்காமல் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்ட காலத்து யோசனை. இன்று முற்றவிட்டால் லென்ஸ் இறுகி அறுவை கடினமாகிறது. சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெட்டுவிடுகிறது. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் தொடங்கிவிட்டதென்றால் நாள் குறித்துவிடலாம்.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதலில் வைத்தவர் ஹெரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில். அது நம் பக்கத்துக் கூலிக்காரருக்கு எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால்தான் ஆயிரக்கணக்கான கண்களை அறுத்தார். 1985இல் தேனியிலும் மருத்துவமனை வந்தது. வெளிநாட்டு லென்ஸின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. ஊரூராக நடக்கும் முகாம்களில் புரை இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்துப் பஸ்ஸில் அழைத்துப்போய், இலவசமாக லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு இப்படித்தான் நிலைத்தது. அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை இலவசமே.

இனி, அந்த நாள். முதலில் சோதனைகள்: பிரஷர், சுகர், கண்ணழுத்தம், பிறகு உங்கள் கண்ணுக்கு எந்தப் பவர் லென்ஸ் என்று ஓர் அளவு. கண்ணின் மூலையில் உள்ள சிறு துளை வழியே உப்புநீர் செலுத்திப் பார்ப்பார்கள். தொண்டையில் கரித்தால் கண்ணீர்ப்பாதை திறந்திருக்கிறது, நல்லது. கரிக்காவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அடைபட்ட பாதையில் சீழ் தங்கியிருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் கண்ணைத் திறக்கலாம். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீர் சீராகப் போக மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் டாம்சுலோசின் என்ற மருந்து கண்மணியைச் சுருக்கிவிடும். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிற நம் ஆட்கள் இந்த ஒன்றை மட்டும் கூச்சப்பட்டு விழுங்கிவிடுகிறார்கள்.

கண்மணி விரிய அடுத்தடுத்துச் சொட்டு விடுவார்கள். பிறகு மரத்துப்போக மருந்து. சிலருக்கு வெறும் சொட்டே போதும், சிலருக்குக் கண்ணைச் சுற்றி ஓர் ஊசி. நாள் முழுவதிலும் வலி என்று சொல்லத்தக்கது அந்த ஊசிதான். குத்தி அழுத்துவது போலிருந்து அடங்கிவிடும். ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளைப் பார்த்து மிரளாதீர்கள். ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். சுற்றி நிற்கும் பெண்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்து இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஒரே கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் வேகமும் வருகிறது, சுத்தமும் வருகிறது.

முகத்தைத் துணியால் மூடி, கண்ணை மட்டும் திறந்து வைப்பார்கள். கூசும் வெளிச்சம் தெரியும், சில வேளை நிறங்கள் நகரும், கன்னத்தோரம் தண்ணீர் வழியும். கத்தி வருவது தெரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. பழைய லென்ஸைக் கரைத்து உறிஞ்சியோ, சிறு கீறல் வழியே வெளியே எடுத்தோ, அது இருந்த அதே உறைக்குள் புதிய லென்ஸைச் செருகுவார்கள். பெரும்பாலும் தையல் கிடையாது. தடங்கல் இல்லாவிட்டால் பத்து நிமிடம், சற்றுக் கூடலாம். உங்கள் வேலை தலையை ஆட்டாமல் கிடப்பது. இருமலோ தும்மலோ வந்தால் முதலில் வாயால் சொல்லுங்கள், கை அங்கே போகக்கூடாது. முடிந்ததும் டீ கொடுப்பார்கள். பலர் அன்றே வீடு திரும்பலாம், முகாமில் வந்தவர்கள் ஓரிரு நாள் தங்குவார்கள்.

கட்டு பிரித்ததும் முதலில் ஆச்சரியப்படுத்துவது நிறம். பழுப்புத் திரை விலகியதில் வெள்ளை வேட்டி நிஜமாகவே வெள்ளையாகத் தெரியும். சிலருக்கு முதல் சில நாள் கலங்கலாகவே இருக்கும், அதுவும் சகஜம். பொதுவாக வைக்கும் லென்ஸ் தூரப் பார்வைக்கானது. பேப்பர் படிக்கவும் அரிசி புடைக்கவும் கண்ணாடி வேண்டியிருக்கும். கண் ஆறிய பிறகு, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அதற்கு அளவு பார்ப்பார்கள்.

மருத்துவமனையின் பங்கு இத்தோடு ஏறக்குறைய முடிந்தது. அடுத்த ஆறு வாரம் வீட்டார் கையில். சொட்டு மருந்தை முதல் வாரம் அடிக்கடியும், பிறகு படிப்படியாகக் குறைத்தும் விடச் சொல்வார்கள். பார்வை வந்துவிட்டதென்று பத்தாம் நாளே புட்டியைத் தூக்கிப் போடுவதுதான் ஊரில் அதிகம் நடக்கும் தப்பு. பார்வை லென்ஸால் வந்தது. மருந்து, உள்ளே உள்ள வீக்கம் வற்றவும் கிருமி அண்டாமலிருக்கவும். சொட்டு விடப் பேரனையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவிவிட்டு, புட்டி முனை இமையில் படாமல் விட வேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது. தலைக்குத் தண்ணீர், குனிந்து பாரம் தூக்குவது, அடுப்புப் புகை எல்லாம் டாக்டர் சொல்லும் நாள்வரை ஆகாது.

கோடையில் கண்ணில் கை வைக்கக்கூடாது என்றொரு நம்பிக்கை இருக்கிறது. கோடையில் வரும் வீரபாண்டித் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஆடியில் வந்து நிற்கிறார்கள். எனக்கு இது தலைகீழ்க் கணக்காகப் படுகிறது. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. காற்றாலையைச் சுழற்றுகிற ஆடிக் காற்றில் பறக்கும் தூசிக்கு என்ன செய்வீர்கள்? அறுவைக்கு எல்லாக் காலமும் சரிதான். பார்க்க வேண்டியது உங்கள் வேலைக் காலத்தை. மலையில் காய்ப்பறிப்பு மும்முரமாக இருக்கையில் ஒருவரால் ஆறு வாரம் கவனமாக இருக்க முடியாது. பதினைந்தாம் நாள் ஜீப் ஏறிவிடுவார். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்கும் நாற்று நடுகிறவர்களுக்கும் இதுவே கணக்கு. வேலை ஓய்ந்த மாதத்தில் நாள் குறியுங்கள்.

சில மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்பி வந்ததாகப் பயப்பட வேண்டாம். லென்ஸைத் தாங்கும் உறை சிலருக்கு மங்கும். லேசர் வைத்து உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்துவிடுவார்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: கண்ணுக்குள் கிருமி. மிக அரிது. அறுவை முடியும்போதே கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைச் செலுத்தும் வழக்கம் வந்த பிறகு, அரவிந்த் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களை வைத்து எடுத்த கணக்கில் இது பத்தாயிரத்துக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. ஆனால் வந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே கண் போய்விடலாம். வலி ஏறிக்கொண்டே போனாலோ, கண் செக்கச் சிவந்து சீழ் கட்டினாலோ, தெளிந்த பார்வை திடீரென்று குறைந்தாலோ, மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விட்டுப் பார்க்காதீர்கள். கம்பத்திலிருந்து தேனி 40 கிலோமீட்டர்தான். விடியட்டும் என்று காத்திராமல் அன்று இரவே கிளம்பி, அறுவை செய்த மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள்.