"நேத்து ஏன் வரல?" – முதியோருக்கு ஒன்றுகூடும் இடம் ஏன் அவசியம்?

ரிட்டயர் ஆன முதல் மாதம் நிம்மதியாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் பேச ஆளில்லாதது உறைக்கும். பிள்ளைகள் வேலைக்குப் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு டிவியோடு பகலைக் கழிக்கும் பெரியவர்கள் சென்னையில் ஏராளம். 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த கொட்டிவாக்கம் போன்ற பகுதிகளில், திண்ணை வீடுகள் குறைந்து லிஃப்ட் வைத்த கட்டடங்கள் பெருகிவிட்டன. தெருவில் போகிறவரை "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்க இடமில்லை.

தனிமை என்ன செய்யும்?

உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதனுடன் தொடர்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 ஜூன் அறிக்கை. மறதிநோயைத் தூண்டும், ஆனால் சரிசெய்யக்கூடிய 14 காரணிகளை 2024-ல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. சமூகத் தொடர்பின்மை, காது கேளாமை இரண்டும் அதில் உண்டு. காது மந்தமானவர் பேச்சைத் தவிர்ப்பார். பேச்சு குறைந்தால் ஆட்களும் விலகுவார்கள்.

அரசு என்ன செய்கிறது?

தமிழ்நாட்டில் 2031-ல் 18.2 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. பகலில் முதியோர் கூடிப் பொழுதுபோக்க 25 'அன்புச்சோலை' மையங்களை 2025 நவம்பரில் தமிழக அரசு தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால், முழங்கால் வலிக்காரருக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் மையம் உதவாது.

நம்ம தெருவில் என்ன செய்யலாம்?

பெரிய கட்டடம் வேண்டாம். குடியிருப்புச் சங்க அறையோ, நூலகமோ, பூங்காவின் ஒரு மூலையோ போதும். நடந்து போகும் தூரம், சாய்ந்து உட்கார நாற்காலி, நிழல், அருகிலேயே கழிப்பறை ஆகியவை முக்கியம். கழிப்பறை இல்லாததாலேயே வெளியே கிளம்பாதவர்கள் உண்டு. டீக்கடை பெஞ்ச் ஆண்களுக்குச் சரி. பாட்டிமார்களுக்குக் கூச்சமில்லாத இடமும் நேரமும் தனியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட, தினமும் ஒரே நேரம் முக்கியம். மாலை ஐந்து மணிக்கு வழக்கமாக வருபவர் ஒருநாள் வரவில்லை என்றால் நாலு பேருக்குத் தெரியும். "நேத்து ஏன் வரல?" என்று ஒருவர் போனில் கேட்பார். தனியாக வீட்டில் வழுக்கி விழுந்து கிடப்பவருக்கு அந்த ஒரு கேள்விதான் உயிர்.

உதவி தேவைப்படும் முதியோர் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.