காட்டுப்பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி? சட்டம் என்ன சொல்கிறது, குண்டு எங்கே போய் நிற்கும்?

கேரளாவில் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு ஏக்கர் மரவள்ளி. ராத்திரி ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால், காலையில் பாதிக் கிழங்கு காலி. உள்ளாட்சியின் உத்தரவோடு, உரிமம் வைத்திருக்கும் ஒருவர் துப்பாக்கியுடன் வந்து நிற்கிறார். பன்றி தெரிகிறது. அதற்குப் பின்னால், நூறு மீட்டர் தள்ளி, ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது.

இப்போது அவர் கையில் எந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும்? "பவர் அதிகமா இருக்கிறதுதான்" என்று தோன்றினால், கொஞ்சம் பொறுங்க.

முதலில், யார் சுடலாம்?

இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு அனுமதி கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால், 11ஆவது பிரிவின் கீழ் தலைமை வனஉயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ உத்தரவு போடலாம்.

இந்த அதிகாரத்தைத்தான் கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சிகள் வரை இறக்கிவிட்டது. அங்கே உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ளவர்களைப் பட்டியலிட்டு வைத்து, தேவைப்படும்போது அழைக்கிறார்கள். விஷம், வெடி, மின்சாரம் மூன்றுக்கும் தடை.

சட்டப்படி எந்தத் துப்பாக்கி கிடைக்கும்?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சுவாரஸ்யமானது. பயிர்க் காவலுக்கு என்று உரிமம் கேட்டால், அது முதலில் கைகாட்டுவது குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வேறு வழவழப்பான குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். நடைமுறையில் அது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி.

ரைஃபிள் வேண்டும் என்றால் தேர்வு இன்னும் சுருங்கும். .303, 7.62×51 போன்ற ராணுவத் தோட்டாக்கள் சாமானியருக்குத் தடை. அதனால் கடையில் அதிகம் பார்ப்பது .315. கூடவே .30-06, .22. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. .30-06 குண்டின் விட்டமும் தடை செய்யப்பட்ட 7.62×51 குண்டின் விட்டமும் ஒன்றேதான்; சக்தியும் ஏறக்குறைய சமம். ஆக, தடைக்கு அடிப்படை பவர் இல்லை, அது ராணுவத் தோட்டாவா என்பதுதான்.

காலிபர், போர்: என்ன வித்தியாசம்?

காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அங்குலத்தில். .315 என்றால் சுமார் 8 மி.மீ., .22 என்றால் சுமார் 5.6 மி.மீ.

போர் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 போர் குழலின் விட்டம், சுமார் 18.5 மி.மீ. அதனால் எண் குறையக் குறைய குழல் பெரிதாகும்.

சரி, பன்றிக்கு எது?

வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும். தோள்பட்டையில் தோலுக்கு அடியில் கேடயம் மாதிரி தடித்த திசு இருக்கும். இதயமும் நுரையீரலும் முன்னங்காலை ஒட்டி, தாழ்வாக இருக்கும். அங்கே படாவிட்டால் காயத்தோடு ஓடும், இல்லையென்றால் திரும்பிப் பாயும்.

.22 தோட்டாவின் குண்டு 2.6 கிராம், ஆற்றல் சுமார் 150 ஜூல். பன்றிக்கு இது போதவே போதாது. .30-06 குண்டு சுமார் 11.7 கிராம், விநாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகம், ஆற்றல் 3,900 ஜூல். அதாவது சுமார் 25 மடங்கு.

12 போரில் 28 கிராம் ஒற்றைக் குண்டு போட்டால், புறப்படும்போது சுமார் 3,000 ஜூல் இருக்கும். ஆனால் சீக்கிரமே வேகம் இழக்கும். குறி நம்பகமாக இருப்பது 50 மீட்டர் வாக்கில். பல பெரிய ஈயக் குண்டுகள் கொண்ட தோட்டா என்றால் 25-30 மீட்டர்தான். அதைத் தாண்டினால் சிதறும், பன்றி சாகாமல் காயப்படும்.

அப்போ .30-06தானே சரி?

பன்றியை மட்டும் பார்த்தால், ஆமாம். அந்த விளக்கு எரியும் வீட்டையும் சேர்த்துப் பார்த்தால், இல்லை. ரைஃபிள் குண்டு பன்றியைத் துளைத்து மறுபுறம் வெளியேறலாம். குறி தவறினால் சில கிலோமீட்டர் போகும். சின்ன .22 குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்.

அதனால் முதல் கேள்வி, பன்றிக்குப் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ள மண்மேடு இருக்கிறதா என்பது. பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தரையே தடுப்பாகும். அப்போது ரைஃபிளும் பொருந்தும். வீடுகள் நெருக்கமான சமவெளியில், 30 மீட்டருக்குள் வரும்வரை காத்திருந்து 12 போரால் சுடுவதே ஆபத்து குறைவு. அப்போதும் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. 12 போர் குண்டும் பல நூறு மீட்டர் போகக்கூடியது. ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் மின்னும் இரண்டு கண்களை மட்டும் நம்பி, எந்தத் துப்பாக்கியாலும் சுடக் கூடாது.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

2025 ஜனவரியில் வந்த அரசின் முடிவுப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். உங்கள் கையில் உரிமமும் துப்பாக்கியும் இருந்தாலும், நீங்களே சுட முடியாது.

இந்த வழி தாமதமாகும்போதுதான் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் வயலுக்கு வருகின்றன. 2020 மே மாதம் கேரளாவில் வெடி கடித்து இறந்த கர்ப்பிணி யானை நினைவிருக்கும். அந்த வெடி காட்டுப்பன்றிக்கு வைத்தது என்றுதான் விசாரணையில் சொல்லப்பட்டது. துப்பாக்கியைப் பிடித்திருப்பவர், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு விரலை எடுத்துவிடலாம். வெடிக்கும் வேலிக்கும் அப்படிப் பார்க்கத் தெரியாது.