சஹனைக் கடை வியாபாரமாக்கலாமா?

எத்தியோப்பிய உணவகத்தில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. 'தெஃப்' என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட, நமது அப்பம்போல் துளைகள் கொண்ட பெரிய 'இஞ்செரா'வை விரித்து, அதன்மேலேயே கறிகளை இடுவார்கள். கை கழுவிவிட்டு எல்லோரும் சுற்றியிருந்து உண்பார்கள். பக்கத்திலிருப்பவருக்கு ஒரு கவளம் ஊட்டுவதும் அங்கே மரியாதைதான். அதற்கு 'குர்ஷா' என்று பெயர்.

பதுளை வாசகர்களுக்கு இதில் புதினமில்லை. நமது சஹன் சாப்பாடேதான். ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் வலீமாவோடும் கந்தூரியோடும் நிறுத்திக்கொண்டோம். அவர்களோ வாஷிங்டன் வரை கொண்டுபோய் அன்றாட வியாபாரமாக்கிவிட்டார்கள்.

வலீமாவில் சஹனுக்கு 6 பேர். 300 பேருக்கு 50 சஹன். கடைக்கு வரும் குடும்பத்தில் மூன்று, நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அதே சஹனை வைத்தால் சோறு மிஞ்சும், விலையும் கட்டாது. எத்தியோப்பியக் கடைக்காரர் ஆட்தொகைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறார். நாமும் மூவர் சஹன் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அறியாதவர்களை மட்டும் ஒரே சஹனில் உட்காரவைக்க வேண்டாம்.

அந்நாட்டு ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் இறைச்சி, முட்டை, பால் உண்பதில்லை. அதனால் பருப்பு, கோவா, கீரை வைத்த மரக்கறித் தட்டும் அக்கடைகளில் உண்டு. நமக்கு உதவும் பாடம் இதுவே. பசறை, ஹாலிஎல தோட்டங்களிலிருந்து பதுளைக்குச் சாமான் வாங்க வருவோரில் பலர் மாட்டிறைச்சி தொடாதவர்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்போரும் உண்டு. கோழிச் சஹனும், தனிச் சட்டி தனி அகப்பையில் சமைத்த மரக்கறிச் சஹனும் இருந்தால் அவர்களும் குடும்பமாக உள்ளே வருவார்கள்.