பிள்ளையைக் காப்பது சட்டமா, ஆளா?

தோட்டத்து ஆயாக்கொட்டகை உங்களுக்கு நினைவிருக்கிறதா? விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய், கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுச் செல்வாள். எந்தப் பிள்ளை எப்போது பசித்து அழும், எதற்கு இரவெல்லாம் காய்ச்சல் என்பது அந்த ஆயாவுக்கு அத்துப்படி. மாதத்துக்கொரு ஆயா மாறினால் கொட்டகை என்னவாகும்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

சின்னக் கேள்விதான். ஆனால், செல்வம் கொழிக்கும் அமெரிக்காவே இதற்கு விடை காணாமல் திண்டாடுகிறது என்றால் நம்புவீர்களா?

அங்கே வீட்டில் அடிபட்டும் கவனிப்பாரற்றும் கிடக்கும் பிள்ளைகளை அரசாங்கச் சிறுவர் நல இலாகா மீட்டு, வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கிறது. இதற்குச் சட்டத்தில் குறைவில்லை. பிள்ளையின் நிரந்தர வாழ்வுக்கு வழி என்ன என்று 12 மாதங்களுக்குள் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டுச் சட்டம். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளையை ஊழியர் மாதந்தோறும் நேரில் காண வேண்டும் என்று வற்புறுத்தியது 2006ஆம் ஆண்டுச் சட்டம்.

நல்ல சட்டங்கள்தாம். நிறைவேற்றக் கை எங்கே?

ஓர் ஊழியர் 12 முதல் 15 பிள்ளைகளைக் கவனிப்பதே முறை என்பது அந்நாட்டுச் சிறுவர் நல அமைப்பு வகுத்த அளவு. உண்மையிலோ, சராசரியாக 24 முதல் 31 பிள்ளைகள் வரை ஒருவர் தலையில் விழுந்ததாக 2003இல் வெளியான மத்திய அரசாங்கக் கணக்காய்வு அறிக்கை கூறியது. வேலை நாள்கள் மாதத்துக்கு ஏறக்குறைய 22. அதற்குள் 31 பிள்ளைகளைக் காண வேண்டும். நீதிமன்றம் ஏற வேண்டும். கோப்பு எழுத வேண்டும். முடிகிற காரியமா?

முடியாதபோது ஊழியர் விலகுகிறார். ஆண்டுக்கு நூற்றுக்கு 30 முதல் 40 பேர் வரை வேலையை விட்டுப் போவதாகவும், சராசரி ஊழியர் இரண்டாண்டு கூட நிலைப்பதில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. குறைந்த சம்பளம், ஆபத்து, காகித வேலை, போதிய பயிற்சியின்மை ஆகியவையே காரணம். விலகியவரின் பிள்ளைகள் யார் தலையில் விழுவார்கள்? மிஞ்சியிருப்பவர் தலையில்தான். அவரும் நாளை விலகுவார்.

விளைவு என்ன தெரியுமா? 2001 முதல் 2004 வரை மத்திய அரசாங்கம் எல்லா மாநிலங்களையும் சோதித்தபோது, விதித்த ஏழு இலக்குகளையும் முழுமையாக எட்டிய மாநிலம் ஒன்றுகூட இல்லை!

மில்வாக்கி நகரில் செய்த ஓர் ஆய்வு நெஞ்சைத் தொடுகிறது. நிரந்தரக் குடும்பம் கிடைத்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 74 பேருக்கு மேல், தொடக்கம் முதல் ஒரே ஊழியரின் கையில் இருந்தவர்கள். இரண்டு ஊழியர்களைக் கண்டவர்கள் நூற்றுக்கு 17 பேர்தாம். நெடுநாள் காத்திருந்த பிள்ளை பலரைப் பார்த்திருக்கும் என்று நீங்கள் வாதிடலாம். உண்மைதான். ஆயினும், புதிதாய் வருபவர் முதலிலிருந்து கோப்பைப் படிக்க வேண்டும். பிள்ளையும் முதலிலிருந்து தன் துயரத்தைச் சொல்ல வேண்டும். எத்தனை முறைதான் சொல்லும் அந்தப் பிஞ்சு?

வழி இல்லாமல் இல்லை. சமூகப் பணி படிக்கும் மாணவருக்கு மத்திய நிதியிலிருந்து உதவி தந்து, படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் சிறுவர் நல இலாகாவில் பணிபுரிய ஒப்பந்தம் செய்கின்றன பல மாநிலங்கள். விரும்பிப் படித்தவர் வருகிறார். சுமையைக் குறைத்து, வழிகாட்ட நல்ல மேலதிகாரியையும் கொடுத்தால் அவர் நிலைக்கிறார்.

நம் மலேசியாவிலும் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் உண்டு. பிள்ளை துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணம் இருந்தால், மருத்துவரும் குடும்பத்தாரும் பிள்ளை பராமரிப்பாளரும் சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 15999 என்ற எண்ணில் யாரும் அழைக்கலாம். அழைப்பது நம் கடமை. அழைத்தால் வருவதற்கு ஆள் இருக்கிறாரா, அவர் தலையில் எத்தனை பிள்ளைகள் என்று நம் பிரதிநிதிகளைக் கேட்பதும் நம் கடமையே.

அடுத்த முறை, “கடுமையான சட்டம் வேண்டும்” என்று யாரேனும் முழங்கினால், வாசகர்களே, ஒன்றை மட்டும் கேளுங்கள்: “சட்டம் சரி, ஐயா, பிள்ளையின் கையைப் பிடிக்க ஆள் எங்கே?”